ஏழடி இரண்டங்குலம்

மார்ச் 3

அன்பு மகள் வாலுவுக்கு,

போனில் சொன்னால் பாதி கேட்பாய், மீதிக்கு “ம்” போடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். துவைக்கிற மிஷினும் உலர்த்துகிற மிஷினும் ஜோடியாக எது வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் ஆழ்ந்து படித்தவன் என்றாலும், ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன் அல்லவா? விற்கிறவர்களே என்னிடம் சந்தேகம் கேட்டார்கள்.

முதல் ஜோடி பார்க்க லட்சணம். சுற்றும்போது விமானம் கிளம்புகிற சத்தம். உலர்த்துகிறதற்குக் குழாய் வைத்து வெளியே காற்று விட வேண்டும். இரண்டாவது ஜோடிக்குக் குழாய் வேண்டாம், சூடு கம்மி, துணி சுருங்காது. உலர நேரம் பிடிக்கும், என்னைப் போல. பால்கனியில்தானே வைக்கப் போகிறீர்கள்? இடத்தின் அளவை எழுது.

இந்த மாதக் கடைசியோடு எனக்கு ஓய்வு. வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். பின்பக்க அறையை எனக்கென்று நீ சொன்னதிலிருந்து இங்கே எல்லோரிடமும் அதே பேச்சு. கட்டிலுக்காக அளந்து துண்டுச் சீட்டு வைத்துவிட்டு வந்தேனே, தச்சரிடம் கொடுத்தாயா?

உன் அப்பா,
சலவை விஞ்ஞானி


மார்ச் 9

அன்புள்ள அப்பா,

உங்க கடிதத்தை அவர் சத்தமா படிச்சார், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். இரட்டையர் ரெண்டும் ஒரு நாளைக்கு நாலு உடுப்பு மாத்துதுங்க. சீக்கிரம் முடிவு சொல்லுங்கப்பா.

இடம் அகலம் ஏழடி ரெண்டங்குலம், நீளம் ஒன்பதடி அஞ்சங்குலம். ஒரு ஜன்னல் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு வைக்கணுமா, பக்கத்துல பக்கத்துலயா? துணி மடிக்க ஒரு மேசையும் போடணும்.

தச்சர் இன்னும் வரல. மாத்திரை மறக்காதீங்க.

அன்புடன்,
வாலு


மார்ச் 15

அன்பு மகளுக்கு,

உன் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மிஷின் அகலம் இருபத்து நாலு அங்குலம் என்று அட்டையில் போட்டிருக்கிறது, என் டேப் இருபத்தைந்து என்கிறது. “அட்டை தப்பு” என்று சண்டைக்கு நின்றேன். விற்கிற பெண் டேப்பை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்: “அங்கிள், உங்க டேப்புல முதல் இஞ்சையே காணோமே! ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்குது.” கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பின்பக்க அறையை நான் அளந்த அன்று மாப்பிள்ளை என்ன சொன்னார்? “வரைபடத்துல ஏழடி ஒண்ணுன்னு இருக்கு மாமா.” நான்தான் “என் டேப் பொய் சொல்லாது, ஏழடி இரண்டு” என்று அடம்பிடித்தேன். உலகத்தில் ஏழடி இரண்டங்குலம் என்று ஒரு இடம் இருந்தால், அது என் துண்டுச் சீட்டில் மட்டும்தான் இருக்க முடியும்.

அதைப் பார்த்துத்தான் எழுதினாயா? நேராகச் சொல்லம்மா.

அப்பா


மார்ச் 21

அப்பா,

கோபப்படாதீங்க. பால்கனியில தண்ணிக் குழாய் இல்ல. மிஷினுக்கு அந்தப் பின்பக்க ரூமை விட்டா வேற இடமே இல்லப்பா. உங்களுக்கு ஹால்ல விரிச்சா கட்டிலாகிற சோபா வாங்கியாச்சு, நல்ல மெத்தை. ஜனவரியிலேயே முடிவு பண்ணிட்டோம். முன்னாடியே சொன்னா வர மாட்டேன்னுடுவீங்க, வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு அவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது.

மிஷினை ஓட்டப் போறதே நீங்கதானே, அதனாலதான் உங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அதுல என்ன தப்பு? டிக்கெட் எடுத்தாச்சான்னு உடனே எழுதுங்க.

வாலு


மார்ச் 28

மகளுக்கு,

டிக்கெட் எடுக்கவில்லை.

இடமில்லை என்று ஜனவரியில் நீ எழுதியிருந்தால், ஹாலிலென்ன, செருப்பு வைக்கிற இடத்திலும் படுத்திருப்பேன். நீ எழுதவில்லை. என் அறையில் வைக்க மிஷின் பார்க்க என்னையே கடை கடையாக அனுப்பினாய். நானும் பல்லை இளித்துக்கொண்டு போனேன். அந்தக் கடைப் பெண்ணிடம் “என் மகளுக்கு நான்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்” என்று பெருமை வேறு.

இந்த வீட்டுக்கு ஆள் வந்தாகிவிட்டது, திரும்பக் கேட்க முடியாது. சலவைக் கூட மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் நின்றேன். “ஏன், மகள் வீடு கசந்துபோச்சா?” என்றார். “அங்கே எனக்குப் போட்டியாக மிஷின் வருகிறது” என்றேன். இன்னும் ஒரு வருடம் வேலை கொடுத்திருக்கிறார். தையற்கடை மாடியில் ஒரு அறையும் பார்த்தாகிவிட்டது. அளக்கவில்லை.

எந்த ஜோடி என்று கேட்டிருந்தாய். விமானச் சத்தத்தையே வாங்கச் சொல்லலாமா என்று ஒரு கெட்ட புத்தி வந்தது. ஆனால் சலவை விஷயத்தில் எனக்குப் பொய் வராது. இரண்டாவதையே வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள், கனமானது கீழே. துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வை, இல்லையென்றால் கதவு ரப்பரில் பூஞ்சை பிடிக்கும்.

புது விலாசம் எழுதவில்லை. எழுதினால் இரட்டையரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாய். “தாத்தா” என்று அதுகள் ஒரு குரல் கொடுத்தால் போதும், அடுத்த பஸ்ஸில் நான் உன் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். உன் மேல் போன நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்பா