மழை கேட்கும் அப்பா

அக்டோபர் 14, இரவு

அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள். எழுதும் சத்தம் கேட்டுவிடக் கூடாது.

ரோமில் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கும் அப்பா இன்று மாலை வீடியோவில் பேசினார். பின்னால் படிக்கட்டில் ஆப்பிரிக்க அண்ணன்கள் நான்கு பேர், மடி நிறையக் குடைகளோடு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹோட்டல மூடிட்டாங்க பாப்பா. இவங்களுக்கும் வேலையில்ல. இவங்கதான் என்னையும் சேத்துக்கிட்டு குடை விக்கக் கத்துக்குடுத்தாங்க. மழை பேஞ்சாத்தான் சோறு. இல்லாட்டி ஒரு ரொட்டிய அஞ்சு பேரும் பிச்சுக்குவோம். அம்மாகிட்ட சொல்லிறாத."

அதற்குள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து, மழையில் நனைந்து வந்த அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"அங்கயும் மழைங்களா?"

"இல்ல புள்ள, நல்ல வெயிலு."

"அப்பாடா! நீங்க நனையக் கூடாதுன்னு மாரியம்மாவுக்கு தெனமும் வெளக்கு வைக்கிறேங்க."

அப்பா சிரித்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. மாரியம்மா, அம்மா கேட்டதை மட்டும் கொடுத்துவிடாதே.