உன் முழங்கால் சொன்ன சுருதி

இன்று காலை பருப்பு கருகிய வாடை வந்த பிறகுதான் அடுப்பில் குக்கர் இருந்ததே எனக்கு நினைவுக்கு வந்தது. அடுப்படிக்கும் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலை மட்டும்தான். மாண்டலினை மடியில் போட்டுக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வி தண்ணீர்க் குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பிறகு எனக்கு நேரே வந்து நின்று கத்தினாள்.

"தெருக்கோடி வரிக்கும் விசில் கேக்குது. பக்கத்துல குந்திக்கினு இன்னாய்யா பண்ற? அந்தப் பொட்டியவே கட்டிக்கினு அழு!"

மாண்டலினை அவள் பொட்டி என்றுதான் சொல்வாள், உனக்குத் தெரியும். வாசிப்புப் பைத்தியத்தில் விசிலைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். விஷயம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

காக்களூர் பிரஸ் ஷாப்பில் உன் மெஷினும் என் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில். தகடு வெட்டுகிற அடி ஷிப்ட் முழுக்க மண்டைக்குள் இறங்கும். காதடைப்பானை மாட்டினால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, மாட்டாவிட்டால் பொண்டாட்டி கூப்பிடுவது கேட்காது, எது லாபம் என்று நீயே யோசித்துக்கொள் என்பாய். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு முதலில் போனது மாண்டலினின் கணீர். மேல் ஜோடிக் கம்பிகள் இரண்டும் மரப்பலகையை விரலால் தட்டுவது போலக் கேட்க ஆரம்பித்தன. கம்பி பழசு என்று மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். எத்தனை நாள்தான் கம்பி மேலேயே பழி போடுவது?

ஆர்.கே.பேட்டையில் ஒரு காதுகுத்துக்கு நம் பாட்டு செட்டு வாசிக்கப் போனோமே, அன்றுதான் நீ என்னைப் பிடித்தாய். தேவதாஸ் பாடுகிறான், நீ என் பக்கத்தில் டோலக். மேல் கம்பி ஒன்று இறங்கிவிட்டது எனக்குத் தெரியாமல், நான் பாட்டுக்கு ஜோராக வாசித்துக்கொண்டே போகிறேன். உன் முழங்கால் என் தொடையில் இடித்தது. இடம் போதவில்லையாக்கும் என்று நகர்ந்து உட்கார்ந்தேன். மறுபடியும் இடித்தாய். பந்தியில் என் இலைக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாய்.

"இன்னாடா, காது அவுட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"யார் கிட்ட வுட்ற? கம்பி தொங்கிப் போச்சு, நீ சிரிச்சிக்கினே அடிக்கிற."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ உன் வடையை எடுத்து என் இலையில் வைத்தாய். "இதுக்கு ஏன்டா பேஜார் ஆவுற? நான் இருக்கறன் இல்ல. எறங்குனா இடிக்கறன், ஏத்திக்கினே வா. சரியாச்சின்னா காலை எடுத்துர்றன். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியவில்லைதான். ஆடியில் அம்மனையும் டிசம்பரில் கர்த்தரையும் ஒரே தொண்டையில் பாடுகிற தேவதாசுக்குக்கூடத் தெரியவில்லை. உன் முழங்கால் விலகும்வரை கம்பியின் முறுக்காணியைத் திருகுவேன். கம்பெனியில் காது சோதிக்க ஒரு பெண் வந்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னபோதும் நீதான் வழி சொன்னாய். "அந்தப் பொண்ணு கட்டைவிரலப் பாரு. அது அமுத்துனா நீயும் அமுத்து." இந்த வித்தை உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, மடையன்.

உன் கடைசி நாள் காலை நீ நாஷ்டா வாங்கக் கம்பெனி கேட்டுக்கு வெளியே போனாய். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். எல்லாரும் ஓடுவதைப் பார்த்து நான் ஓடினேன். உனக்குப் பின்னாலிருந்து வந்த லாரி. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "ஹாரன் அடிச்சிக்கினே தாங்க வந்தேன். கிளீனர் கத்துனான். அவுரு திரும்பவே இல்லீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போனில் பேசிக்கொண்டே போயிருப்பான் என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். உன் போன் ஷாப்புக்குள் நீ கழற்றி மாட்டியிருந்த சட்டைப் பையில் கிடந்தது.

காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, அவுருக்குக் கொஞ்ச காலமாவே காது கேக்கல. தோள்ல தட்டித்தான் கூப்புடுவேன். நான் இன்னா பேசுனாலும் எல்லாம் கேட்டா மாதிரி தலைய ஆட்டிக்கினே இருப்பாரு. உங்க கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்ட்டாரு. 'அவன் என் காத நம்பித்தான் வாசிக்கறான், தெரிஞ்சா வுட்ருவான்'னாரு."

அப்புறம் எப்படியடா என் கம்பி இறங்கியதைக் கண்டுபிடித்தாய்? தேவதாசிடம் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன். "டோலக் அடிக்கறப்ப அவன் கண்ணு என் மூஞ்சியிலயே தான் இருக்கும்டா. சுருதி வெலகுனா எனக்கு வலது கண்ணு தானா சுருங்கும். அதப் பாத்துதான் கிண்டல் பண்ணுவான்" என்றான். அவன் கண்ணிலிருந்து உன் முழங்காலுக்கு, அங்கிருந்து என் விரலுக்கு. இதைத்தான் நான் இத்தனை காலம் சுருதி சுத்தமாக வாசிக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. என் குறை உனக்குத் தெரிந்திருந்தது அல்லவா? உன்னுடையதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் அன்று உன் கூடவே நடந்து வந்திருப்பேன். கேட்காவிட்டால் என்ன, இரண்டு பேர் நடந்தால் ஒருவனாவது திரும்பிப் பார்த்திருப்பான். என் மாண்டலின் நின்றுபோகக் கூடாது என்று நீ செத்துப்போனாயா? இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வரும் ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். நம் செட்டுதான் வாசிக்க வேண்டும். போன வாரம் தேவதாஸ் வீட்டு மாடியில் ஒத்திகை. உன் இடத்தில் வேறொருவர் டோலக்கோடு உட்கார்ந்திருந்தார், நல்லவர், நன்றாகவே அடிக்கிறார். நீ செய்தது போல தேவதாஸின் வலது கண்ணைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தால் விரல் தப்புகிறது, விரலைப் பார்த்தால் கண் தப்புகிறது. பாதிப் பாட்டில் அவன் நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தான். "உனுக்கு மனசு சரியில்ல. வுடு, அப்பறம் பாத்துக்கலாம்." மனசு என்று நினைத்துக்கொண்டான். எனக்கு இந்த வாசிப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது, சொல்லு. ஆறு நாள் தகடு வெட்டுவதே ஏழாம் நாள் அந்தப் பாயில் உட்காரத்தானே. அது போனால் நான் எதற்கு?

இன்று காலை என்னைக் கத்தி முடித்த பிறகு, செல்வி குழாயடியில் அந்தக் கருகிய குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் மனைவிக்கு வந்த கதி இவளுக்கும் வர வேண்டாம் என்று தோன்றியது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"எனக்குக் காது போயிடுச்சு செல்வி. விசில் கேக்கல. ரொம்ப நாளாவே எதுவும் சரியா கேக்கல."

தேய்க்கிற கை நின்றது. என் முகத்தையே பார்த்தாள். "அந்த அண்ணனுக்கும் இதானா?" என்று அவள் உதடு அசைந்தது. ஆமாம் என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு, முதுகில் முகத்தை வைத்துப் பேச ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் பேசினாள். சட்டை வழியாக அவள் மூச்சு சுட்டது. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லையடா. திரும்பி அவள் வாயைப் பார்த்தால் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துவிடும். திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாம் கேட்டவன் போல, உன்னைப் போலவே, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.