பழப்புளியால் கழுவிய வாள்

இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருசமாக உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி எழுத இப்போதும் கை வரவில்லை. "என் அன்புக்குரிய கணவருக்கு" என்று தொடங்கினால், "ஆருக்கு எழுதுறீர்?" என்று நீங்களே கேட்டுச் சிரிப்பீர்கள்.

உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதற்கு முதல் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செய்தி முதலில். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நல்லபடி முடிந்தது. இங்கே மார்க்கம் நகரில் முழங்கால் அளவு பனி கொட்டியிருக்கிறது. தம்பி குகன்தான் வந்து வழித்துவிட்டுப் போகிறான். ஊரில் போன வருசம் சண்டைக்குப் பயந்து சனம் முழுக்க வெளிக்கிட்டதிலிருந்து உங்கள் பெரியக்காவைப் பற்றித் தகவல் இல்லாமல் இருந்ததே, அவர் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறாராம். நீங்கள் போன செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இனி வாள்களுக்கு வருகிறேன்.

பகலில் கம்பியூட்டர்ப் பலகை பூட்டும் தொழிற்சாலையில் வேலை, பின்னேரம் நிலவறையில் ஜப்பான் வாள். இதுதான் என் மனுசன். மூன்று வாள், ஒரு ஈட்டித் தலை, நீண்ட கம்பில் வளைந்த அலகு பூட்டிய ஒரு நகினாத்தா. சாமுராய் வீட்டு ஆண்கள் போருக்குப் போனால் பெண்கள் அந்த நகினாத்தாவோடுதான் வீட்டைக் காப்பார்களாம். "உது உம்முடையது சறோ, உமக்குத்தான் அளவு" என்று பகிடி பண்ணுவீர்கள். ஆயுதத்துக்குப் பயந்து ஓடிவந்த நாட்டில் ஆயுதம் சேர்க்கிற ஒரே தமிழன் நீங்கள்தான் என்று நான் பேசாத நாளில்லை. பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நான் ஒரு பக்கம் நடுங்க, நீங்கள் மற்றப் பக்கம் கராம்பு எண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டீர்கள், ஞாபகமா? நூறு வருசத்துக்கும் முன்னால் ஜப்பான் அரசாங்கம் இனி ஒருவரும் இடுப்பில் வாள் கட்டக் கூடாது என்று சட்டம் போட்டதாம். தலைமுறை தலைமுறையாக வாளோடு வெளிக்கிட்ட மனிதர்கள், அடுத்த நாள் காலை வெறும் இடுப்போடு எப்படி வாசலைத் தாண்டியிருப்பார்கள் என்று கேட்டீர்கள். நான் "புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றேன். அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது வாள்தான் இந்தக் கதைக்குரியது. ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் பழைய சாமான் விற்றபோது, புல் வெட்டும் கத்திகளோடு கிடந்ததை எடுத்து வந்தீர்கள். மாதம் ஒருமுறை நூலகத்து அறையில் கூடும் உங்கள் வாள்காரர் கூட்டத்தில் அதைச் செய்த கொல்லனின் பெயரைச் சொன்னபோது, ரெக்ஸ்டேலில் இருக்கும் நகமுரா ஐயா எழும்பி நின்றுவிட்டார் என்றீர்கள். அவருடைய தகப்பன் மேற்குக் கரையில் மீன் பிடித்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்த நாட்டு அரசாங்கம் ஜப்பான்காரரை எல்லாம் கரையிலிருந்து அப்புறப்படுத்தியபோது படகு போனது, வீடு போனது, பரம்பரை வாளும் போனது. அவருக்கு அப்போது ஒன்பது வயது. மிஞ்சியது ஒரு காகிதம்தான். வாளின் பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் இரும்பின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கரியால் தேய்த்து, தகப்பன் எடுத்து வைத்த அச்சு அது. வாள் செய்த கொல்லனின் பெயர் அந்த இரும்பில்தான் வெட்டியிருக்கும்.

பிடிக்குள் போகும் அந்தப் பகுதியை நீங்கள் "அடி" என்று சொல்வீர்கள். அடியும் காகிதமும் பொருந்தினால் வாள் அவருக்கே என்று கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஐப்பசியில் அவர் வருவதாக இருந்தது. அதற்குள் உங்கள் நெஞ்சு முந்திக்கொண்டது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்க, இங்கே நவராத்திரி வந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகம் வைத்தேன், உங்கள் தொழிற்சாலைத் திருகாணிச் சாவிகளை வைத்தேன். பிறகு நிலவறைக்கு இறங்கினேன். அத்தனை வருசமும் அந்த வாள்களைத் திட்டியே தீர்த்தேன். அதுகளின் கோபம்தான் உங்கள் நெஞ்சில் வந்து நிற்கிறதோ என்று ஒரு பயம். சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் எதை நம்பச் சொன்னாலும் நம்பியிருப்பேன்.

நீங்கள் செய்வதைப் பார்த்த பழக்கத்தில், சின்னச் சுத்தியலால் மூங்கில் ஆணியைத் தட்டி மூன்று வாள்களின் பிடியையும் கழற்றினேன். இரண்டு பரவாயில்லை. மூன்றாவதன் அடி முழுக்கக் கறுத்த துரு. எனக்குக் கோபமே வந்தது. அலகைக் கண்ணாடி போல வைத்திருக்கிற மனுசன் உள்ளுக்கு இப்படி விட்டிருக்கிறாரே, இதையா சாமிக்கு முன்னால் வைப்பது? குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரிப் பழப்புளியும் உப்பும் போட்டு ஊறவிட்டு, சட்டி தேய்க்கும் கம்பிநாரால் தேய்த்தேன். ஒரு மணித்தியாலம். பளபளவென்று வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, அந்த மனுசனை எனக்குத் திருப்பித் தா என்று அழுதேன்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். வேண்டுதல் பலித்தது என்று எனக்குப் பெருமை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வந்த அடுத்த நாள் நகமுரா ஐயாவின் நம்பரைத் தேடித் தரச் சொன்னீர்கள். உங்கள் கொப்பியைப் புரட்டினேன். அதில் உங்கள் கையெழுத்தில், கீழ்க்கோடு போட்டு: "அடியின் துருவை ஒருநாளும் தொடக் கூடாது. அலகைத் தலைமுறைக்குத் தலைமுறை தீட்டுவார்கள், அடியைத் தீட்டுவதில்லை. அந்தத் துருவைப் பார்த்துத்தான் வயது சொல்வார்கள். வாளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அது."

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் வந்து இறங்கி, நாங்கள் நாங்கள்தான் என்று நிரூபிக்க எத்தனை மேசைக்கு முன்னால் நின்றோம்? அந்தப் பாடு பட்ட நான், இன்னொருவருடைய பத்திரத்தைப் பழப்புளி போட்டுக் கழுவியிருக்கிறேன்.

நம்பரைத் தந்தேன். வாயைத் திறக்கவில்லை. "வாளை மேலை கொண்டுவாரும் சறோ, ஒருக்காப் பாப்பம்" என்று இரண்டு தரம் கேட்டீர்கள். "பாரம் தூக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ" என்று இரண்டு தரமும் மடக்கினேன். மூன்றாம் தரம் நீங்கள் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்வோம் என்று நாளைக் கடத்தினேன். மூன்று கிழமைதான் மிச்சம் என்று யார் கண்டது? காலையில் காலுறை போட்டுக்கொண்டிருந்த மனுசன் அப்படியே சரிந்தீர்கள்.

போன கிழமை நகமுரா ஐயா ரெலிபோன் எடுத்தார். சனிக்கிழமை வரலாமா என்று கேட்டார். குகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, பேசாமல் இருங்கோ," என்றான். "அத்தானே போயிட்டார். ஆர் கழுவினதெண்டு அந்தாளுக்கு என்னெண்டு தெரியும்? அத்தான் வாங்கேக்கையே உப்பிடித்தான் இருந்ததெண்டு சொல்லுவம்."

"அவர் துருவோடைதான் இருக்கெண்டு கூட்டத்திலை சொல்லியிருப்பாரடா."

"அப்ப அத்தான் கழுவினதெண்டு சொல்லுங்கோ. செத்த மனுசனை ஆர் வந்து கேக்கப் போயினம்?"

அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பாவம், எனக்காகத்தான் சொன்னான். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்க அந்த யோசனை என்னை விட்டுப் போகவில்லை. அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

இன்று மத்தியானம் வந்தார். அறுபது தாண்டிய, ஒல்லியான மனிதர். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். உங்கள் படத்துக்கு முன்னால் குனிந்து நின்றார். இரண்டு மட்டைகளுக்கு நடுவில் அந்தக் காகிதம். மேசையில் விரித்து, மூலைகளை விரலால் நீவிவிட்டார். வாளை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றி மட்டும் உயர்த்தி, தலை வணங்கி, பிறகு சுத்தியலை எடுத்தார். குகன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். ஆணியில் முதல் தட்டு விழுந்தது.

"நில்லுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ வாஷ். இன்சைட். டமரிண்ட், சோல்ட். ஐ டோண்ட் நோ. சொறி," என்றேன். குகன் கண்ணை மூடிக்கொண்டான்.

நகமுரா ஐயா சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு அவர் சொன்னதைக் குகன்தான் தமிழில் சொன்னான்.

"அக்கா, அத்தான் சாகமுதல் இவருக்கு ரெலிபோன் எடுத்தவராம். வாளைத் திறந்து பாத்தனான், அடியிலை துரு இல்லை, நான்தான் கழுவினனான் எண்டு சொன்னவராம். ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் புத்தி கெட்டுப்போய்ச் செய்துபோட்டன், மன்னியுங்கோ எண்டவராம். கூட்டத்திலையும் சொல்லிவிடச் சொன்னவராம்."

நகமுரா ஐயா அப்படியே கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கும் நம்ப முடியவில்லையாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாக "அடியைத் தொடாதே" என்று சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானாம். உங்கள் பெயரைச் சொல்லி, நாதனே இப்படிச் செய்தால் யாரை நம்புவது என்று ஒருவர் கேட்டாராம்.

பிறகு பிடியைக் கழற்றினார். அடி இன்னும் கொஞ்சம் பளபளத்தது. ஆணி போகும் துளையின் ஓரத்தில் ஒரு சிவப்பு. இரத்தமா என்று கேட்டார். குங்குமம். நான் வைத்தது. நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். யார் கழுவியது, எதற்காகக் கழுவியது என்று அந்தக் குங்குமத்தைப் பார்த்ததுமே உங்களுக்கு விளங்கியிருக்கும். துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். காகிதத்துத் துளையும் இரும்பின் துளையும் சரியாகப் பொருந்தின. கொல்லனின் பெயரில் ஒரு கோடு மட்டும் காகிதத்தில் இருந்தது, இரும்பில் இல்லை. அது என் கம்பிநாரோடு போய்விட்டது. மற்றதெல்லாம் இருந்தது. "அப்பாவுடையது," என்றார். அவர் அழவில்லை. போகும்போது, துரு திரும்ப வரும், நூறு வருசம் எடுக்கும், அவ்வளவுதான் என்றார். பகிடிக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. வாளைக் கொண்டு போய்விட்டார். உங்கள் வாக்கு நிறைவேறிவிட்டது.

இனி சண்டை.

நெஞ்சைப் பிளந்து தைத்த மனுசன், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து நிலவறைக்குப் பதின்மூன்று படி இறங்கினீர்களா? இறங்கி, வாளைத் தூக்கி, ஆணியைத் தட்டிக் கழற்றி, திரும்பப் பூட்டி, பதின்மூன்று படி ஏறினீர்களா? உங்கள் உயிரை வாங்கியது அந்தப் படியா? இல்லை என்று யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா? நான் மேலே கொண்டுவந்து தந்திருந்தால் நீங்கள் இறங்கியிருக்க மாட்டீர்களே.

ஏன் என்னை ஏசிப் பேசவில்லை? கறிக்கு உப்புக் கூடினால் ஒரு மணித்தியாலம் சொல்லிக்காட்டுவீர்கள். இதற்கு ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் இறங்கிய அன்றாகத்தான் இருக்க வேண்டும், பின்னேரம் நான் வேலையால் வந்தபோது நீங்களே தேத்தண்ணி போட்டு வைத்திருந்தீர்கள். என்ன புதினம் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றீர்கள். நானும் நம்பிக் குடித்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைக்க நினைக்க நெஞ்சு வெடிக்கிறது. நான் பயந்து பயந்து மறைக்க, எனக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் மறைத்திருக்கிறீர்கள்.

என் மேல் இரக்கப்பட்டீர்கள், சரி. ஆனால் உங்களை மதித்த அந்த இருபது பேருக்கு முன்னால் உங்கள் பெயரையே கொடுத்துவிட்டுப் போக உங்களை யார் கேட்டது? உங்களுக்கு அந்தக் கூட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

தை மாதம் இரண்டாம் ஞாயிறு திரும்பவும் கூடுகிறார்கள். நகமுரா ஐயா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். குகன் மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் மூன்று வசனம் பாடமாக்குகிறேன். கழுவியது நான். அவர் தொடவில்லை. எனக்காகப் பொய் சொன்னார். நாக்குப் புரளாவிட்டாலும் எழும்பி நின்று சொல்லாமல் வீடு திரும்ப மாட்டேன், இது சத்தியம். உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். பிடிக்காவிட்டால் வந்து பேசுங்கள்.

உங்கள் பெண்சாதி,
சறோ