பதினேழாம் பவளம்

ஜூன் 9

பதினேழாம் பவளத்தின் அருகே இறங்கும்போது கணுக்காலில் சில்லென்று ஒரு நடுக்கம் ஏறுகிறது. ஆறு வருடமாகியும் போகவில்லை. பிரியமானவரைப் பார்க்கப் போகிறவளின் நடுக்கம் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

இரண்டு கொடும் கோடைகளில் சுற்றிலும் எல்லாம் வெளுத்துச் செத்தபோது இது மட்டும் நிறம் மாறாமல் நின்றது. வெப்பம் தாங்கும் வம்சம் என்று கட்டுரை எழுதினேன். இதன் கிளைகளை ஒடித்து வளர்த்த எண்ணூறு கன்றுகள் இப்போது ஜப்பானின் இஷிகாகித் தீவைச் சுற்றி நான்கு பவளத் திட்டுகளில் நிற்கின்றன. மற்ற பவள இனங்களை வளர்த்த தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னதும் நான்தான்.

படகுக்காரர் மியாரா வழக்கம்போல பவளத்தின் அருகிலேயே தேநீர்ப் புட்டியை வலைப்பையில் கட்டிக் கடலுக்குள் இறக்கியிருந்தார். "மேல வாங்க டாக்டரம்மா. மீனே வீட்டுக்குப் போயிருச்சு" என்றார்.

ஜூலை 28

தண்ணீர் முப்பத்தொரு டிகிரி. தாங்கும். தாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

வடக்குத் திட்டு முழுக்க வெள்ளை.

ஆகஸ்ட் 12

மற்ற மூன்றும்.

ஆகஸ்ட் 19

கன்றுகள்மேல் பாசி படர்ந்துவிட்டது. தாய்ப் பவளம் மட்டும் அதே பழுப்பில் நிற்கிறது. ஒரே உடல்தானே, எப்படி? படகில் ஏறியதும் அழுதுவிட்டேன். மியாரா புட்டியை இழுத்து எடுத்து என் கையில் வைத்தார், ஜில்லென்று இருந்தது.

"அடியில ஒரு வெடிப்பு இருக்கும்மா. ஆழத்துத் தண்ணி அதுல ஏறி வரும். இல்லேன்னா நான் ஏன் ஐஸ் பெட்டி இல்லாம வர்றேன்?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தினம் அதுலதானே குதிக்கிறீங்க. தெரியும்னு நெனச்சேன்."

தெரிந்துதான் இருந்தது, என் கணுக்காலுக்கு. வெப்பமானியை மட்டும் நீரோட்டம் இழுத்துவிடும் என்று பதினைந்து மீட்டர் தள்ளிக் கட்டியிருந்தேன். ஐயோ, ஆறு வருஷம் என்னத்தடி பாத்துக்கிட்டு இருந்தே?

ஆகஸ்ட் 23

வெப்பமானியைத் தாயின் காலடிக்கு மாற்றினேன். இருபத்தெட்டு. அது வெப்பத்தைத் தாங்கவே இல்லை. வெப்பம் அதைத் தொட்டதே இல்லை.

செப்டம்பர் 2

கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் அனுப்பினேன். நான்கு வரிகள். எழுத ஒரு நாள் ஆயிற்று.

செப்டம்பர் 17

இன்று அளக்க எதுவுமில்லை. சும்மா பார்க்கத்தான் இறங்கினேன். காலில் நடுக்கம் ஏறவில்லை. மனசு செத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மியாரா புட்டியை இழுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

வெதுவெதுப்பாக இருந்தது. இருவரும் அதையே குடித்தோம்.