சபைக் கணக்கில் சிவலட்சுமியின் முகம்

சிவமயம்

பாலாவிக் கரையில் உறையும் பெருமானே, அவன் பாகம் பிரியாத அம்மையே, எழுதும் கையையும் வாசிக்கும் கண்ணையும் காத்தருள்க.

வேம்படிக்குளம், மன்னார்
28.01.2013

பெருமதிப்புக்குரிய என் கணவர் அருட்பிரகாசம் அவர்களுக்கு,

சிவலட்சுமி வணங்கி எழுதுவது. நான் நலம், தங்கள் நலனுக்கு நாள்தோறும் விளக்கேற்றுகிறேன்.

தாங்கள் லண்டன் போய்ச் சேர்ந்த சில காலத்தில் போரால் பாதை மூடியது, கடிதங்களும் நின்றன. பிறகு இடம்பெயர்வு, பதுங்குகுழி, முகாம். இப்போது ஊரில் மீளக் குடியேறி, தகரக் கூரையின் கீழ் இருக்கிறேன். வயலில் இவ்வருடம் நெல் உண்டு. அம்மன் கோயில் திருப்பணிச் சபைக்கு நானே செயலாளர்.

லண்டன் அன்பர்களின் மின்னஞ்சல் வரிசையில் தங்கள் பெயரைப் படத்தோடு கண்டேன். தலை வெளுத்திருக்கிறது, மூக்கின் கர்வம் குறையவில்லை.

சபையின் கணினியை இயக்கக் கற்றுத்தந்தவள் என் பழைய மாணவி தனுசியா. "முகமில்லாத மின்னஞ்சல் கணக்கை ஆர் ரீச்சர் நம்புவினம்? உங்கட படத்தைப் போடுங்கோ" என்றாள். கீரிக் கடற்கரையில் நான் சிரித்தபோது எடுத்த படம். "மெசினைத் திறக்கேக்க வாற படம் ஒண்டு, இணையத்தில சனம் பாக்கிறது ஒண்டு. ரெண்டும் வேற வேற" என்று இரண்டிலும் போட்டுவிட்டாள். பெயர் சபையுடையது, முகம் என்னுடையது.

இத்தனை வருடத்தில் ஒரு வரி எழுத நேரம் வாய்க்கவில்லையோ?

இப்படிக்கு,
தங்கள் சிவலட்சுமி

*

லண்டன்
03.02.2013

அன்புள்ள லட்சுமிக்கு,

உமது கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 2009 பங்குனியில் ஷெல் குண்டு விழுந்து நீர் இறந்துவிட்டதாக ஒருவர் சொன்னார். நம்பினேன். இங்குள்ள கோயிலில் கிரியைகள் செய்தேன். உமது படத்துக்கு மாலை போட்டு மண்டபத்தில் வைத்தோம். இங்குள்ள ஊர்ச் சனம் எல்லாம் வந்து பூப் போட்டது. ஒவ்வொரு பங்குனியும் திவசம் கொடுக்கிறேன்.

மற்ற விடயத்தையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மறுமணம் செய்தேன். நல்ல பெண், என்னை மனைவியை இழந்த தபுதாரன் என்று நம்பி வந்தவள்.

சபைக் கடிதம் வரும்போதெல்லாம் உமது முகமும் சேர்ந்து வருகிறது. மாலைக்குள் பார்த்த அதே முகம். நேற்று அவள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உங்கட செத்த மனிசி கோயில் கடிதத்தில சிரிக்கிறா. ஆர் இது?" உமது தங்கை என்று சொல்லி வைத்தேன்.

தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடும். கோபுரத்தையோ தாமரைப் பூவையோ போடலாம். கணக்கின் அமைப்புக்குள் போய் உமது படத்தின் மேல் தட்டினால் 'அகற்று' என்று கேட்கும்.

அன்புடன்,
பிரகாசம்

*

வேம்படிக்குளம்
10.02.2013

கணவர் அவர்களுக்கு,

கேட்டது கணவர் என்பதால் மறுபேச்சின்றிப் படத்தை அகற்றினேன். தனுசியாவைக் கூப்பிடவில்லை; காரணம் கேட்பாள்.

எனக்கு ஏது தங்கை? என் தாய்க்கு நான் ஒற்றைப் பிள்ளை என்பதைத் தாங்கள் மணவறையில் வைத்தே அறிவீர்கள்.

தங்கள் மனைவிக்கு என் ஆசி.

சிவலட்சுமி

*

லண்டன்
12.02.2013

அன்புள்ள லட்சுமிக்கு,

படம் இன்னும் போகவில்லை. நேற்று வந்த சபைக் கடிதத்திலும் சிரிக்கிறீர். கணினியைத் திறக்கும்போது நீர் மட்டும் பார்க்கிற படத்தை அகற்றியிருக்கிறீர் போல. உலகம் பார்ப்பது இணையத்தில் இருப்பது. அதைத்தான் எடுக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தந்தால் நானே எடுத்துவிடுகிறேன்.

உமக்கு இதில் என்ன நட்டம், லட்சுமி? ஒரு படம்தானே.

பிரகாசம்

*

வேம்படிக்குளம்
05.04.2013

திரு. அருட்பிரகாசம் அவர்களுக்கு,

என் பதில் தாமதித்ததைப் பொறுத்தருள்க. வயலில் நெல் வெட்டும் சூடுமிதிப்பும் முடியவேண்டியிருந்தது. என் நெஞ்சமும் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது.

தாங்கள் சொன்னது சரி. நான் அகற்றியது கணினியின் படத்தை மட்டுமே. அதன்பின் நாள்தோறும் காலையில் அதைத் திறந்தால் கண்ணில்லாத, வாயில்லாத, சாம்பல் நிறத் தலை ஒன்று எனக்கு வணக்கம் சொல்லிற்று. உலகத்தாருக்கு என்னை இவ்வாறு காட்டுவதே தங்கள் விருப்பம் என்று அப்போதுதான் தெளிந்தேன். நட்டம் என்னவென்று கேட்டீர்கள். ஷெல்லும் பசியும் என்னிடமிருந்து எடுக்க முடியாத ஒன்றைத் தாங்கள் விரலின் இரண்டு தட்டில் எடுக்கச் சொன்னீர்கள்.

மாண்டோர் பட்டியல் எதிலும் என் பெயர் இருந்ததில்லை. முகாம் வாசலில் நின்று உறவுகளின் பெயரை உரத்துக் கூவியவர்கள் நடுவே என் பெயரைக் கூவ ஒருவருமில்லை. தாங்கள் ஒருவர் சொன்னதைக் கேட்டீர்கள், இன்னொருவரைக் கேட்கவில்லை. அதற்காக நான் வழக்காடவில்லை. இறைவன் கொடுத்த உயிரை மறைத்து வைக்க மட்டும் எனக்கு அதிகாரமில்லை.

இன்று தங்கள் கணக்குப்படி என் திவசத் திதி. அங்கே பிண்டம் வைத்திருப்பீர்கள். அது எனக்கு வந்து சேராது என்பதால் நானே சமைத்தேன். பூசணிக்காய்க் கறி, வாழைக்காய், பருப்பு, பாயசம். அயலவரை அழைத்தேன். அடுத்த வீட்டுக் கிறேஸ் கேட்டாள்: "ஆரின்ர திவசம் ரீச்சர்?"

"என்ர."

"விசர்க் கதை கதையாதேங்கோ!"

"ஓம் பிள்ளை, லண்டனில செய்யினம். இஞ்ச நான் சாப்பிடுறன்."

"அப்ப ஆயுசு கெட்டி. எனக்கு இன்னொரு அகப்பை பாயசம் விடுங்கோ" என்றாள். சிரிப்பால் தகரம் அதிர்ந்தது.

வாழையிலைமுன் இருந்து, முதற்கவளத்தை நானே உண்ணும் அந்தக் கணத்தைத் தனுசியா படம் எடுத்தாள். என் நெற்றியில் நீறும் குங்குமமும் துலங்குகின்றன. வாய் நிறையச் சோறு. அந்தப் படத்தைக் கணினியிலும் இணையத்திலும் இன்று ஏற்றிவிட்டேன். இம்முறை தவறவில்லை, இரண்டையும் இருமுறை பார்த்தேன். கடவுச்சொல் என்னிடமே இருக்கும்.

தங்கள் மனைவி குற்றமற்றவள். அவளுக்கு நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன். தங்களைத் திரும்ப வரவும் கேட்கமாட்டேன். கழுத்துத் தாலியை இன்று காலை கழற்றி அம்மனின் பாதத்தில் வைத்தேன். குங்குமம் அம்மன் தந்தது, அது இருக்கும்.

மண்டபத்துப் படத்தின் மாலையைத் தாங்களே எடுத்துவிடுங்கள். குடமுழுக்கு அழைப்பு நாளைக் காலை லண்டன் அன்பர் அனைவருக்கும் இந்த முகத்தோடும் என் பெயரோடும் வரும். அதற்கு முன் அவளுக்கு உண்மையைச் சொல்லத் தங்களுக்கு ஓர் இரவு தந்திருக்கிறேன்.

தங்கள் அடுப்பு அணையாதிருக்க. அவள் மடி நிறைய. பொய் புகாத வீடாக அவ்வீடு விளங்க, அம்மையப்பர் அருள்வாராக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
சிவலட்சுமி
செயலாளர், அம்மன் கோயில் திருப்பணிச் சபை