துணைப்பாடத்தை இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்

அன்புள்ள மாரிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்காக நீ கவலைப்படாதே. ஏரியில் உறைந்த பனிக்கட்டி இன்னும் ஆள் நடந்தால் தாங்குகிறது. சியாட்டில் மழையில் உன் இருமல் விட்டதா? அம்மா பின்னி அனுப்பிய கம்பளித் துணியைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் கழுத்தில் போட்டுக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் நம் தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டம் தேவாலயத்து நிலவறையில் நடந்தது. நம்மூர்க் கிடங்கை மூடிவிட்டு நாற்பது மைல் தள்ளியிருக்கும் பெரிய சங்கத்தோடு சேரலாமா என்பதுதான் பேச்சு. விளக்கிச் சொல்ல நகரத்திலிருந்து பிரென்ட் என்று ஒரு கணக்காளன் வந்திருந்தான், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் நினைப்புதான். ஒரு மணி நேரம் திரையில் என்னென்னவோ காட்டினான், அதில் ஒரு தப்பும் இருந்திருக்காது, ஆனால் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டான். ஒரே ஒரு தடவை. நாங்கள் எழுபது பேரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். உனக்குத் தெரியாததா, நம் ஆட்கள் காப்பிக்கே இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவைதான் கோப்பையை நீட்டுவார்கள். அவன் வெளியூர்க்காரன், எல்லோருக்கும் சம்மதம் போலிருக்கிறது என்று கணினியை மூடிவிட்டான். கையைத் தூக்கச் சொன்னார்கள், பக்கத்து ஆள் தூக்கினான், நானும் தூக்கினேன். கிடங்கு போயிற்று, இனி சோளத்தை நாற்பது மைல் ஓட்ட வேண்டும். அப்புறம் வண்டி நிறுத்துமிடத்தில் பனிக்குள் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் எல்லோருக்கும் வாய் திறந்தது. பக்கத்துப் பண்ணை கிளிஃபர்ட், "அந்தப் பையன் இன்னும் ரெண்டு தடவ கேட்டிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன்யா" என்கிறான். அதற்குள், என்னோடு கூட்டத்துக்கு வந்திருந்த அம்மா அந்தப் பையனிடம் எலுமிச்சை இனிப்பை நீட்டிக்கொண்டிருந்தாள், பாவம் அவன் நிஜமாகவே வேண்டாம் என்றிருக்கிறான், மூன்று தடவை கேட்டுத் தின்ன வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன், இத்தனை படித்து என்ன, எழுபது முகத்தில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியவில்லையே என்று. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீங்க மட்டும் என்னவாம்? மாரிட்கிட்ட ஒரே ஒரு தடவதானே கேட்டீங்க" என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

நாடக வகுப்பு ஒன்று எடுத்தேன் என்று நீ அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த மாதமே நான் போனில், கணக்கியல் படிக்கிறவளுக்குக் கம்ப்யூட்டர்தான் சரியான துணைப்பாடம், வேலை கொடுக்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள், சரிதானே என்றேன். நீ சரிப்பா என்றாய். நானும் முடிந்தது என்று போனை வைத்துவிட்டேன். இதே ஊரில் பிறந்து ஐம்பத்தெட்டு வருஷம் இருந்தவன், என் மகளின் சரிப்பாவை நம்பினேன் பார். வெட்கமாக இருக்கிறது கண்ணு.

கம்ப்யூட்டர் கெட்டது என்று சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் பிடித்திருந்தால் அதையே எடு. ஆனால் பிரென்டுக்கு இல்லாமல் போனது கம்ப்யூட்டர் அல்ல. எதிரே உட்கார்ந்திருக்கிறவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பார்க்கத் தெரிந்த ஒரு கணக்காளர் அன்றைக்கு எங்களுக்கு இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாடகம் அதைக் கற்றுக்கொடுக்குமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். ஆகையால் இரண்டாவது முறையாகக் கேட்கிறேன், உனக்கு எது வேண்டும்? மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன்.

துணைப்பாடத்தைப் பதிய மாதக் கடைசி வரைதான் நாள் என்றாய், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கூடவே இருந்து காப்பார்.

உன் அன்பு அப்பா,
ஆர்லன்

மாரிட், அம்மா எழுதுகிறேன். ஞாயிறு வரை நீ காத்திருக்க வேண்டாம், மூன்றாவது முறையை நானே கேட்டுவிடுகிறேன். நாடகம்தானே?