புளி போட்டுத் தேய்த்த இரும்பு

அன்புத் தோழி,

இரண்டு வருடமாகக் குடித்த தண்ணீரை உடம்பிலிருந்து எப்படி வெளியே எடுப்பது? இந்தக் கிராமத்து மர்ஜினா இன்று கேட்டாள்.

அவள் மகளின் உள்ளங்கையில் கறுப்புப் புள்ளிகள். நாம் கொடுத்த வடிகட்டியின் தண்ணீரைச் சோதித்தேன். குழாய்க் கிணற்று நீரின் ஆர்சனிக் விஷம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வடிகட்டி வாளியைத் திறந்தால், உள்ளே நாம் போட்ட இரும்புச் சீவல் துருவே இல்லாமல் பளபளக்கிறது.

"மாசாமாசம் புளி போட்டுத் தேய்க்கிறேன் அக்கா. என் மாமியாராலயே குறை சொல்ல முடியல!"

"அந்தத் துருதான் விஷத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், மர்ஜினா."

"துருவா? படிச்சவங்க வீட்டுப் பாத்திரம் எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுது," என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வடிகட்டியோடு கொடுத்த துண்டறிக்கையில் 'சுத்தமாக வைத்திருக்கவும்' என்று எழுதியவள் நான். துருவைத் தேய்க்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னவள் நீ. இரும்பை யார் தேய்ப்பார்கள் என்று எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்தேன். அதைப் பற்றி எழுத இப்போது உட்காரவில்லை. குழந்தைகளைப் பரிசோதிக்க டாக்காவிலிருந்து ஒரு மருத்துவரை அனுப்ப முடியுமா? இந்த வாரமே வேண்டும். நீயே வந்தாலும் சரி.

உன்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவள்

மறுநாள்: கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. காலையில் மர்ஜினாவோடு, வடிகட்டி கொடுத்த மற்ற பதினோரு வீடுகளுக்கும் போனேன். எல்லா வாளிகளிலும் இரும்பு பளபளத்தது. அவர்களுக்கெல்லாம் தேய்க்கக் கற்றுக்கொடுத்தவள் மர்ஜினாதான். கடைசி வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். துருவைத் தேய்க்கக் கூடாது என்று நான் மட்டும் உள்ளே போய்ச் சொன்னேன்.